பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ் 40-ஆம் ஆண்டுப் பதிப்பு: பழைய சிடி கையில் இருந்தால் வாங்க வேண்டுமா?

19 மே 2025

“என்னிடம் 1985-இல் வந்த சிடி இருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை. இப்போது டீலக்ஸ் பதிப்பு வந்திருக்கிறது. ரீமாஸ்டர் என்றாலே பழையதைவிட நன்றாகத்தானே இருக்கும்? இதை வாங்கிவிட்டுப் பழையதை யாருக்காவது கொடுத்துவிடலாமா?” இது ஒரு வாசகரின் கேள்வி.

கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ரீமாஸ்டர் என்றால், முடிந்த பதிவின் ஒலியை மறுபடி சீர்செய்து வெளியிடுவது. எண்பதுகளின் பெரும்பாலான ஆல்பங்களுக்கு உங்கள் எண்ணம் சரிதான். அவை அனலாக் டேப்பில் பதிவானவை. முதலில் வந்த சிடிகளில் பலவற்றை, எல்பி இசைத்தட்டுக்காகத் தயாரித்து வைத்திருந்த, பிரதிக்குப் பிரதியான டேப்பிலிருந்து அவசர அவசரமாக எடுத்தார்கள். அப்படிப்பட்ட ஆல்பத்துக்கு, அசல் டேப்பைத் தேடிப் பிடித்து நல்ல கருவியில் மறுபடி எடுத்தால் கண்ணாடியைத் துடைத்த மாதிரி இருக்கும். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இந்த ஆல்பம் அந்த வகையில் சேராது. கரீபியன் கடலின் மான்ட்செராட் தீவில், பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் கட்டிய ஏர் ஸ்டூடியோவில், ஸோனியின் 24 தட டிஜிட்டல் இயந்திரத்தில் பதிவானது இது. சிடி உறையின் பின்னால் டிடிடி (DDD) என்று மூன்று எழுத்து இருக்கும், பாருங்கள். பதிவு, மிக்ஸ் (தடங்களை ஒன்றாகக் கலப்பது), மாஸ்டர் (வட்டுக்கான கடைசி ஒலி வடிவம்) மூன்றும் டிஜிட்டல் என்று பொருள். தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாமே எண்கள்தான். துடைக்க அங்கே தூசி இல்லை.

20 மே 2025

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். டிடிடி என்றால் எல்லாமே டிஜிட்டல் என்று எழுதிவிட்டேன். அது தவறு. அந்த மூன்று எழுத்தும் எந்த வகை டேப் இயந்திரம் பயன்பட்டது என்பதை மட்டுமே சொல்கின்றன. நடுவில் இருக்கும் கன்சோல், அதாவது ஒலிகளைக் கலக்கும் மேசை, அனலாக். மைக்கில் வந்த ஒலி அனலாக் கன்சோல் வழியாகப் போய் டிஜிட்டல் டேப்பில் ஏறியது. மிக்ஸ் செய்யும்போது மறுபடி கன்சோல் வழியாக வந்து இன்னொரு டிஜிட்டல் டேப்பில் இறங்கியது. அதனால்தான் இந்த ஆல்பத்தின் கிடாரில் ஒரு கதகதப்பு இருக்கிறது. டிஜிட்டல் என்றாலே வறட்சி என்று சொல்பவர்கள் ‘யுவர் லேட்டஸ்ட் ட்ரிக்’ பாடலின் சாக்ஸபோனைக் கேட்க வேண்டும்.

ஆனால் முடிவில் மாற்றமில்லை. மாஸ்டர் டிஜிட்டல். அதன் நேர்ப் பிரதி உங்கள் கையில் இருக்கிறது.

23 மே 2025

என்னிடம் இரண்டு சிடி இருக்கிறது: 1985, 1996. இரண்டாவது வந்து சேர்ந்தது ஒரு தவறால். பல வருடங்களுக்கு முன், பழைய வட்டுகள் விற்கும் ஒருவரிடம் “1985 முதல் பதிப்பு” என்று கேட்டு வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் உறைக்குப் பின்னால் 1996 என்று இருந்தது. அன்று வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. திருப்பி அனுப்பவும் முடியவில்லை. அப்புறம்தான் அசல் 1985 கிடைத்தது. இன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்க முடிவதற்கு அந்தத் தவறுதான் காரணம்.

இன்றிரவு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ‘சோ ஃபார் அவே’ தொடங்கிய பத்தாவது நொடியிலேயே 1996 ரீமாஸ்டர் முந்திவிட்டது. பேஸ் நெஞ்சில் படுகிறது. குரல் ஓரடி முன்னால் வந்து நிற்கிறது. 19-ஆம் தேதி எழுதியதை மாற்ற வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

24 மே 2025

மாற்ற வேண்டியதில்லை.

காலையில் இரண்டு வட்டிலிருந்தும் பாடல்களைக் கணினிக்கு எடுத்து, ஒலி அலையின் படத்தைப் பார்த்தேன். 1996-இன் அலை உயரமாக இருக்கிறது. நேற்று நான் நன்றாக இருக்கிறது என்று நினைத்தது வெறும் சத்தம். ஒரே பாடலைச் சற்றே கூடுதல் ஒலியில் கேட்டால் காது அதைத்தான் சிறந்தது என்று தேர்ந்தெடுக்கும். பேஸும் உச்ச சுருதியும் குறைந்த ஒலியில் அடங்கிக் கேட்கும், ஒலியைக் கூட்டினால் எழுந்து வரும். காது எல்லோருக்கும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. பழக்கத்தால் அதை மாற்ற முடியாது.

இரண்டின் சராசரி ஒலியையும் சமப்படுத்தினேன். பழையதைக் கூட்டவில்லை, புதியதைக் குறைத்தேன். கூட்டினால் உச்சங்கள் வெட்டுப்பட்டுவிடும். அப்புறம் மகளைக் கூப்பிட்டு, எது ஓடுகிறது என்று சொல்லாமல் பத்து முறை மாற்றிப் போடச் சொன்னேன். நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதில் ஆறு சரி.

“அப்பா, ஆறு நல்ல மார்க்தானே?” என்றாள்.

நாணயம் சுண்டினாலே ஐந்து சரியாக வரும் என்று விளக்கினேன். பிறகு ஒலியைச் சமப்படுத்தாமல் பத்து முறை போடச் சொன்னேன். ஒன்பது சரி. நேற்று நான் கேட்ட வித்தியாசம் எது என்பது இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

24 மே 2025, இரவு

காலையில் எழுத விட்டுப்போனது ஒன்று. 1985-இல் இந்த ஆல்பத்தை மாஸ்டர் செய்தவர் பாப் லட்விக். 1996 ரீமாஸ்டரைச் செய்தவரும் அவரே. அதனால்தான் இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று நினைக்கிறேன். பின்னால் வந்த எத்தனையோ ரீமாஸ்டர்களில் டிரம்ஸின் அடியெல்லாம் மொத்தையாகிப் போய், முதல் வரியும் கடைசி வரியும் ஒரே சத்தத்தில் கத்தும். இங்கே அது நடக்கவில்லை. ‘தி மேன்ஸ் டூ ஸ்ட்ராங்’ பாடலில் கிசுகிசுப்பாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று கிடார்கள் இடி மாதிரி விழும் இடம் இரண்டு வட்டிலும் உயிரோடு இருக்கிறது. ஒரு ரீமாஸ்டரை மதிப்பிட நான் முதலில் போடுவது அந்த இடத்தைத்தான். அங்கே உடம்பு ஒரு கணம் அதிரவில்லை என்றால் அந்தப் பதிப்பை எடுத்து வைத்துவிடலாம்.

29 மே 2025

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகள் கிடைக்கின்றனவே, அவற்றை வாங்கலாமா என்று இன்னொருவர் கேட்கிறார்.

பதிவு செய்த ஸோனி இயந்திரம் 16 பிட். கால் படியில் அளந்த அரிசியை ஒரு படியில் கொட்டினால் அரிசி கூடாது. மாஸ்டர் செய்பவர் தம் வேலையை 24 பிட்டில் செய்வதற்குத் தொழில்முறைக் காரணங்கள் உண்டு, கணக்கில் பிழை சேராது. கேட்பவர் காதுக்கு வந்து சேரும் தகவல் அன்று பதிவானதுதான்.

ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு. இதையும் சொல்லிவிட வேண்டும், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ரீமாஸ்டர் செய்பவர் கையில் இருப்பது முடிந்துபோன ஸ்டீரியோ. அதில் மொத்தமாகக் கூட்டலாம், குறைக்கலாம். டிரம்ஸை மட்டும் தனியாகத் தூக்க முடியாது. 24 தடத்துக்கே திரும்பிப் போனால்தான் அது முடியும். 2005-இல் சக் ஐன்லே செய்த 5.1 மிக்ஸ் அப்படிப்பட்டது. சரவுண்ட் ஒலிக்கான கிராமி விருதும் அதற்குக் கிடைத்தது. 5 ஸ்பீக்கர் வசதி உள்ளவர்கள் தேட வேண்டியது அதைத்தான். ‘ரைட் அக்ராஸ் தி ரிவர்’ பாடலின் இரவுப் பூச்சிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கும். ஒரு நண்பர் வீட்டில் ஒரே ஒருமுறை கேட்டேன், இன்னும் மறக்கவில்லை.

7 ஜூன் 2025

எல்பி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இந்த ஆல்பத்தை நான் முதலில் அறிந்தது எல்பி வழியாகத்தான். நேரடியாக அல்ல. என் அண்ணன் யாரிடமோ எல்பி இரவல் வாங்கி, வெற்று கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். முதல் பக்கம் தீர்ந்து ‘வை வொரி’ மெல்ல மங்கும்போது ஒரு சொடுக்கு கேட்கும். அது ஊசியைத் தூக்கிய சத்தம். ஏழெட்டு வருடம் அந்தச் சொடுக்கோடுதான் அந்தப் பாடலைக் கேட்டேன். அது பாட்டின் ஒரு பகுதி என்றே மனத்தில் பதிந்துவிட்டது.

பிற்பாடு முதல்முறை சிடியில் கேட்டபோது என்ன ஆயிற்று என்றால், ‘வை வொரி’ நிற்கவில்லை. சொடுக்கு வர வேண்டிய இடம் தாண்டியும் கிடார் போய்க்கொண்டே இருந்தது. வட்டு எங்கேயோ சிக்கிக்கொண்டு அதே இடத்தில் சுற்றுகிறது என்று நினைத்து எழுந்துபோய்க் குனிந்து பார்த்தேன். நொடிகள் சரியாக நகர்ந்துகொண்டிருந்தன. ஐந்தரை நிமிடம், ஆறு, ஏழு. கிடாரும் கீபோர்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. நான் உட்காரவே இல்லை. எட்டரை நிமிடமும் அந்தப் பெட்டியின் முன்னால் நின்றே கேட்டேன். எனக்கு மனப்பாடமான பாட்டில் மூன்று நிமிடம் எனக்குத் தெரியாமலே இத்தனை நாள் இருந்திருக்கிறது.

காரணம் எளிது. சிடியில் முதல் ஐந்து பாடல்களும் சேர்ந்து கிட்டத்தட்ட 33 நிமிடம். எல்பியின் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடம் வரை வைத்தால் நல்ல ஒலி கிடைக்கும். அதற்கு மேல் போகப் போக வரித்தடங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலியைக் குறைக்க வேண்டும், பேஸை அடக்க வேண்டும். அதனால் பாடல்களையே வெட்டினார்கள். ‘சோ ஃபார் அவே’ 5:12-இலிருந்து 3:59 ஆனது. ‘மணி ஃபார் நத்திங்’ 8:26-இலிருந்து 7:04. ‘யுவர் லேட்டஸ்ட் ட்ரிக்’ 6:33-இலிருந்து 4:46. ‘வை வொரி’ 8:31-இலிருந்து 5:22. அப்படியும் பக்கம் 25 நிமிடத்தைத் தாண்டிவிட்டது. இரண்டாம் பக்கத்தில் நான்கே பாடல், 22 நிமிடம், அங்கே யாரும் கை வைக்கவில்லை.

அந்த நாளில் சிடி என்பது பணக்காரர் வீட்டுப் பொருள். அப்படியும், சிடியாக மட்டுமே 10 லட்சத்துக்கு மேல் விற்ற முதல் ஆல்பம் இது. எல்பிக்காரர்களுக்குக் கிடைக்காத ஏழரை நிமிடம் அதில் இருந்தது என்பதைக் கடைக்காரர்கள் சொல்லி விற்றார்களோ என்னவோ, சொல்லியிருந்தால் நான் அன்றே கடன் வாங்கியாவது வாங்கியிருப்பேன்.

ஆகவே எல்பி வாங்குவதாக இருந்தால் இரண்டு வட்டுப் பதிப்பாக வாங்குங்கள். அதில்தான் பாடல்கள் முழு நீளத்தில் இருக்கும். 2021-இல் அபே ரோடு ஸ்டூடியோவில் மைல்ஸ் ஷோவெல் அரை வேகத்தில் வெட்டிய, நிமிடத்துக்கு 45 முறை சுழலும் பதிப்பு ஒன்று உண்டு. வெட்டும் கருவியும் ஒலிமூலமும் பாதி வேகத்தில் ஓடும். அதனால் உச்ச சுருதிகளைச் செதுக்க ஊசிக்கு இரு மடங்கு நேரம் கிடைக்கிறது.

8 ஜூன் 2025

அண்ணனிடம் நேற்று எழுதியதைப் போனில் படித்துக் காட்டினேன். “அந்தச் சொடுக்கு ஊசி இல்லைடா, நான் ரெக்கார்ட் பட்டனை அமுக்கின சத்தம்” என்கிறார். நாற்பது வருடக் கதையை ஒரே வாக்கியத்தில் திருத்திவிட்டார். கேசட் இன்னும் அவரிடம் பத்திரமாக இருக்கிறதாம்.

2 ஜூலை 2025

புதிய பெட்டி வந்துவிட்டது. மூன்று சிடி. முதலாவதில் ஆல்பம். மற்ற இரண்டில், 1985 ஆகஸ்ட் 16-ஆம் தேதி டெக்சாஸின் சான் அன்டோனியோவில் நடந்த கச்சேரி முழுவதும். நான் முதல் வட்டை இன்னும் போடவில்லை. கச்சேரியிலிருந்து மீள முடியவில்லை.

ஏன் என்று எழுத நேரம் வேண்டும். நாளை எழுதுகிறேன்.

5 ஜூலை 2025

டெர்ரி வில்லியம்ஸைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: 1984 கடைசியில் மான்ட்செராட்டுக்குப் பதிவுக்குப் போனபோது டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் டிரம்மர் அவர். பதிவு நடந்தது. ஆனால் அவர் வாசித்த விதம், குழுவின் பாடகரும் கிடார் கலைஞருமான மார்க் நாஃப்ளரும் இணைத் தயாரிப்பாளர் நீல் டார்ஃப்ஸ்மனும் தேடிய ஒலிக்குப் பொருந்தவில்லை. ஓமர் ஹகீமை வரவழைத்தார்கள். வெதர் ரிப்போர்ட் குழுவில் வாசித்த ஜாஸ் கலைஞர். இரண்டே நாளில் எல்லாப் பாடல்களுக்கும் வாசித்து முடித்துவிட்டுப் போனார். வெட்டிவைத்த மாதிரி, ஒரு அடிகூடக் கூடுதல் இல்லாத வாசிப்பு. இன்று நாம் இந்த ஆல்பம் என்று அறிவது அதைத்தான்.

ஒருவரைக் குழுவில் வைத்துக்கொண்டே அவர் வாசித்ததை அழித்துவிட்டு வேறொருவரை வாசிக்க வைப்பது சாதாரண விஷயம் இல்லை. அவர் விலகவில்லை. சுற்றுப்பயணத்துக்கு அவர்தான் போனார். 1985 ஏப்ரலில் யூகோஸ்லாவியாவின் ஸ்ப்ளிட்டில் தொடங்கி 1986 ஏப்ரலில் சிட்னியில் முடிந்த பயணம் அது. ஆல்பத்தில் தன் கைக்குக் கிடைக்காத பாடல்களை ஒரு வருடம் முழுக்க ஊர் ஊராக, மேடை மேடையாக வாசித்தார்.

சான் அன்டோனியோ வட்டுகளில் நான் கேட்பது அதைத்தான். ‘ரைட் அக்ராஸ் தி ரிவர்’ பாடலோடு கச்சேரி தொடங்குகிறது. ஆல்பத்தில் அது பனிமூட்டம் மாதிரி நகரும். இங்கே அதற்கு எலும்பும் தசையும் இருக்கிறது. ஹகீமின் வாசிப்பில் டிரம்ஸ் பாட்டுக்குள் ஒளிந்திருக்கும். டெர்ரி வில்லியம்ஸ் பாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். எது சிறந்தது என்று கேட்டால் சொல்ல மாட்டேன். ஸ்டூடியோவுக்கு ஹகீம்தான் சரி. இந்த மேடையில் ஹகீம் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

6 ஜூலை 2025

நேற்று “எல்லாப் பாடல்களுக்கும்” என்று எழுதிவிட்டேன். திருத்தம். ‘மணி ஃபார் நத்திங்’ தொடக்கத்தில் பாடகர் ஸ்டிங்கின் குரல் மிதந்து வர, கீபோர்டு உயர உயர, ஒரு டிரம்ஸ் புயல் வருமே? கிடார் நுழைவதற்கு முன்னால்? அது டெர்ரி வில்லியம்ஸ். அதை மட்டும் அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்த ஆல்பத்திலேயே உலகம் முழுக்க எல்லோருக்கும் தெரிந்த டிரம்ஸ் அதுதான் என்பதை இன்று காலைதான் யோசித்தேன்.

அந்தக் கிடார் ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது திட்டமிட்டு வந்ததில்லை. மைக்குகள் ஒழுங்காக வைக்கப்படாமல் இருந்தன. ஒன்று தரையைப் பார்த்துத் தொங்கியது. நாஃப்ளர் வாசித்ததும் கேட்ட ஒலி பிடித்துப்போய், யாரும் எதையும் தொடாதீர்கள் என்று அப்படியே பதிவு செய்தார்கள். பிறகு அதே ஒலியைத் திரும்பக் கொண்டுவர முயன்றும் முடியவில்லை. சான் அன்டோனியோவிலும் அது இல்லை, வேறொரு கிடார்தான் ஒலிக்கிறது. எனக்கு அதில் குறை இல்லை.

19 ஜூலை 2025

கடைசியில் முதல் வட்டையும் போட்டேன். ஒலியைச் சமப்படுத்தி, 1985-க்குப் பக்கத்தில் வைத்து. மகள் வெளியூர் போயிருக்கிறாள், கண்ணை மூடிச் சோதிக்க ஆள் இல்லை. அதனால் இது நன்றாக இருக்கிறது, அது நன்றாக இருக்கிறது என்று எதையும் எழுதப் போவதில்லை. மே மாதம் ஒருமுறை அப்படி எழுதி மறுநாள் திருத்தியது போதும். ‘தி மேன்ஸ் டூ ஸ்ட்ராங்’ பாடலின் இடி விழும் இடத்தில் உடம்பு அதிர்ந்தது. அதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

20 ஜூலை 2025

முதல் கேள்வி கேட்ட வாசகருக்கு: வாங்குங்கள். மே மாதம் வேண்டாம் என்று சொல்லவில்லை, பழையதைக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொன்னேன், அது அப்படியே இருக்கட்டும். ஆல்பத்தை உங்கள் 1985 வட்டிலேயே கேளுங்கள். பெட்டியிலிருந்து இரண்டாவது, மூன்றாவது வட்டுகளை எடுங்கள். முதலில் ‘வை வொரி’ போடுங்கள். சான் அன்டோனியோவில் அது முடிந்து ‘வாக் ஆஃப் லைஃப்’ கீபோர்டு தொடங்கும்போது கூட்டம் எழுப்பும் சத்தத்தைக் கேளுங்கள். அந்தப் பாடலை ஆல்பத்தில் சேர்க்கவே வேண்டாம் என்று டார்ஃப்ஸ்மன் சொன்னார். குழுவினர் ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே, அந்தச் சத்தத்துக்கு அடியில், டெர்ரி வில்லியம்ஸ் வாசிக்கத் தொடங்குகிறார்.